முடிச்சு

இந்த வருடமும் லாவெண்டர் கூடிப்போனது.
முதல் தட்டு பிஸ்கட்டில் ஒன்றைக் கடித்ததுமே
குளியலறை வாசம்.
வெண்ணெய் விற்கிற விலைக்கு
குப்பையில் கொட்ட மனம் வரவில்லை.
பனி தள்ளும் வண்டிக்காரருக்கு என்று
ஒரு பையில் போட்டுக் கட்டினேன்.
குளிரில் வேலை செய்பவர் குறை சொல்லமாட்டார்
என்பது என் கணக்கு.

அடுத்த தட்டு தப்பித்தது.
ரை மாவு, தேன், இடித்த ஜூனிப்பர் காய்,
மேலே இரண்டு கல் உப்பு.
ஹீயுமா தீவில் ஜூனிப்பருக்குப் பஞ்சமில்லை,
ஆட்களுக்குத்தான்.
எங்கள் சாலையில் பதினோரு வீடு.
புகை வருவது ஏழில்.
ஆகவே ஏழு டப்பா.

தேநீர் என்று சீட்டில் எழுதினாலும்
அதில் தேயிலை கிடையாது.
ஜூலையில் ஏணி போட்டுப் பறித்த லிண்டன் பூ,
ராஸ்பெர்ரி இலை,
வண்டிப் புழுதி படாத மேட்டிலிருந்து தைம்,
தூக்கத்துக்கு வலேரியன் வேர் ஒரு சிட்டிகை.
நனைந்த காலுறை போல நாறும் அந்த வேர்.
நாற்றத்தை மறைக்கப் புதினா.
புதினாவை அடக்க ஆப்பிள் தோல்.
ஒன்றை மறைக்க இன்னொன்று என்று போட்டுப் போட்டு
எண்பது கிராம் ஆயிற்று.

அதை யூலோவுக்கு வைத்தேன்.
மார்ச்சில் மனைவி போனதிலிருந்து
இரவு மூன்று மணிக்கும்
அவர் வீட்டு விளக்கு எரிகிறது.
உனக்கு எப்படித் தெரியும் என்று
நீங்கள் கேட்கவில்லை.
நல்லது.

பிரித்த கையுறையின் சிவப்புக் கம்பளி நூலால் கட்டினேன்.
நான் இடதுகைக்காரி.
என் முடிச்சு எதிர்ப்பக்கம் சுற்றும்.
சீட்டில் எழுதினேன்:
ஒரு கரண்டி. பத்து நிமிடம். மூடி வைக்கவும்.

*

பிப்ரவரியில் ஒரு மாலை
படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் கெர்ஸ்டி
கதவைத் தட்டினாள்.
"உனக்குத் தூக்கம் இல்லையாமே.
இதைக் குடித்துப் பார்.
யாரோ செய்தது, நல்ல கை."

சிவப்பு நூல்.
ஒரு கரண்டி, பத்து நிமிடம், மூடி வைக்கவும்.
மேலே பெயர் இருந்த இடத்தைக்
கத்தரிக்கோல் நேராக வெட்டியிருந்தது.

நன்றி சொன்னேன்.
வேறெதற்கும் வாயைத் திறக்கவில்லை.

அவள் போனதும் தராசை எடுத்தேன்.
முப்பத்தொரு கிராம்.
மோந்து பார்த்தேன்: லேசாகப் புகைமீன்.
அப்படியானால் தார்மோ வீட்டு அலமாரியில்
சில நாள் இருந்திருக்கிறது.
கொட்டிக் கிளறினேன்:
நான் போடாத காட்டு ரோஜாக் காய், நறுக்கியது.
அவ்வளவு பொடியாக நறுக்குபவள் மால்லே மட்டும்தான்,
குறையைக் கண்டதும் நிரப்பாமல் இருக்கமாட்டாள்.
முடிச்சு வலதுகை முடிச்சு,
கெர்ஸ்டியோ, அவளுக்கு முன் யாரோ.

கரண்டிக்கு நாலு கிராம்.
குறைந்தது பன்னிரண்டு கோப்பை.
யூலோ எத்தனை குடித்தார்?
ஒன்றாவது குடித்தாரா?
அல்லது அன்றைக்கே நேராகத் தார்மோவிடம்,
"இந்தா, உனக்குத்தான் இது வேண்டும்" என்றாரா?
தராசு எடையைச் சொல்லும்,
வாயைச் சொல்லாது.

இத்தனை பேர் தூங்கவில்லையா இந்தச் சாலையில்.
பனிக்காலம் முழுக்க
என் ஒரு ஜன்னலையும் அவர் ஒரு ஜன்னலையும்தான்
எண்ணிக்கொண்டிருந்தேன்.

கோபம் கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை.
பரிசைக் கைமாற்றிவிட்டார்களே என்று.
பிறகு தண்ணீர் கொதித்தது.
பத்து நிமிடம். மூடி வைத்தேன்.
புதினாவையும் ஆப்பிளையும் தாண்டி
வேர் நாறத்தான் செய்தது.
மீதியை மறுபடி கட்டினேன்,
இடதுகை முடிச்சாக.
எவ்வளவு மிச்சம் என்று
இந்த முறை நிறுக்கவில்லை.

கதவு தட்டிய சத்தத்தில் விழித்தபோது
மணி ஒன்பது தாண்டியிருந்தது.
பனிவண்டிக்கார ராய்வோ,
இஞ்சினை நிறுத்தாமல் வந்து நிற்கிறார்.
கையில் என் காலிப் பை, நாலாக மடித்தது.

"கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தீர்களே," என்றார்,
"அந்த சோப்பு பிஸ்கட்,
இன்னும் இருக்கிறதா?"